பத்தாம் நம்பர் ஸ்பேனரும் முக்கால் மில்லிமீட்டரும்

சொந்த வண்டியின் சில்லறை வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்து கடைக்குப் போகிறவருக்கு முதலில் எடுத்துக் காட்டப்படுவது ஒரு பிளாஸ்டிக் சூட்கேஸ். திறந்தால் உள்ளே 108 சாமான்கள், ஒவ்வொன்றும் தனக்கென்று வெட்டிய குழியில் பளபளவென்று படுத்திருக்கும். 108 என்பது அர்ச்சனைக்கு நல்ல எண். 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு அத்தனை வேண்டாம். உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி விரல் கணு அளவுள்ள பிட்டுகள். அவற்றில் பல, நம் ஊர் இருசக்கர வண்டியில் கண்ணிலேயே படாத திருகுகளுக்கானவை. இத்தனையும் இருக்கிற பெட்டியில் பெரும்பாலும் ஒரு ஓபன் ஸ்பேனர் இருக்காது, குறடு இருக்காது, டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்க வழி இருக்காது.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஒரு காலைப் பொழுது நின்று கவனித்தால் வேறு காட்சி தெரியும். மெக்கானிக்கின் கை திரும்பத் திரும்பப் போவது நாலைந்து சாமான்களுக்குத்தான்: 8, 10, 12, 14 அளவுகளில் டி ஸ்பேனர், ஒரு ஸ்டார் திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர். அவர் சிக்கனக்காரர் என்பதால் அல்ல. வண்டியில் இருக்கும் போல்ட்டுகள் அவ்வளவு வகைதான்.

ஒரு போல்ட்டை எம் 6 என்று சொன்னால் அதன் தண்டு 6 மி.மீ. விட்டம் கொண்டது என்று பொருள். ஸ்பேனர் பிடிப்பது தண்டை அல்ல, தலையை. எம் 6 போல்ட்டின் தலை வழக்கமாக 10 மி.மீ. வண்டியில் அதிகம் இருப்பது இந்த போல்ட்தான் என்பதால் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு ஓய்வே கிடையாது. தொலைவதிலும் அதற்கே முதலிடம். எம் 8 போல்ட்டுக்கு வந்தால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஜப்பானிய வழக்கில் அதன் தலை 12, ஐரோப்பிய வழக்கில் 13. எம் 10 போல்ட்டின் தலை ஜப்பானில் 14, பழைய ஜெர்மன் தர அளவில் 17.

நம் சாலைகளில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானிய வம்சம். 1980களின் நடுவில் ஹீரோ ஹோண்டா, ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த இண்ட் சுசுகி, எஸ்கார்ட்ஸின் யமஹா, பஜாஜின் கவாசாகி என்று வரிசையாக வந்த 100 சி.சி. வண்டிகள் எஞ்சினோடு சேர்த்து ஸ்பேனர் அளவுகளையும் கொண்டுவந்தன. அதனால்தான் 8, 10, 12, 14, 17 என்ற வரிசை இங்கே நிலைத்தது. ஆனாலும் சில இந்திய வண்டிகளில் இடையிடையே 13 தலைகாட்டும். பழைய புல்லட் வைத்திருப்பவர் கதை தனி. 1955இல் சென்னையில் தொடங்கிய அந்த வண்டி வெகுகாலம் ஆங்கிலேய அங்குல மரைகளோடுதான் ஓடியது. அந்த மரைகளின் மூதாதை 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறை. அந்த முறை ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட் தலையின் அளவைச் சொல்லாது, தண்டின் விட்டத்தைச் சொல்லும். மெட்ரிக் செட் வாங்கிக்கொண்டு அப்படியொரு புல்லட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் எதுவும் சரியாகப் பொருந்தாது. எல்லாமே ஏறக்குறையப் பொருந்தும், அதுதான் ஆபத்து.

ஆகவே கடைக்குப் போகும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒரு வெர்னியர் காலிப்பரோ, இரவல் வாங்கிய ஸ்பேனர் செட்டோ இருந்தால் போதும். சைடு பேனல், பேட்டரி, கண்ணாடி, செயின் கவர், பின்சக்கர அச்சு, எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட், பிளக் என்று ஒவ்வொன்றின் அளவையும் ஒரு தாளில் குறித்தால் அரைப்பக்கம் வரும். அதுதான் பட்டியல்.

அளவு தெரிந்தபின் தரம். இதில் கொஞ்சம் வடிவியல் உண்டு. 10 மி.மீ. அறுகோணத் தலையை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து தட்டைப் பக்கத்துக்கு உள்ள தூரம் 5 மி.மீ. நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரம் 5.77 மி.மீ. வித்தியாசம் 0.77. ஸ்பேனரின் பிடிப்பு முழுவதும் இந்த முக்கால் மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. அது மட்டும் இல்லையென்றால் தலை உருண்டையாகிவிடும், ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு சுற்றும். மட்டமான ஸ்பேனரின் வாய் 10.3 மி.மீ. இருந்தால் பக்கத்துக்கு 0.15 மி.மீ. இடைவெளி. கேட்கையில் அற்பம்தான், ஆனால் கையில் இருக்கும் 0.77இல் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. அதோடு, தளர்வான ஸ்பேனர் தட்டைப் பக்கத்தில் பதியாமல் மூலையின் விளிம்பில் ஒரு கோடாக அழுத்தும். அத்தனை விசையும் அந்தக் கோட்டில் குவியும்போது இரும்பு மழுங்கத்தான் செய்யும்.

ஓபன் ஸ்பேனரின் வாய் இரண்டு இடத்தில் பிடிக்கிறது. பலமாக இழுத்தால் வாயே சற்று விரியும். ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் தலையைச் சுற்றிலும் பிடிக்கின்றன. எனவே இறுகியிருப்பதைத் தளர்த்துவது ரிங்கின் வேலை, தளர்ந்ததைச் சுழற்றி எடுப்பது ஓபன் ஸ்பேனரின் வேலை. ஒரு முனை ரிங், மறுமுனை ஓபன், இரண்டும் ஒரே அளவு என்று வரும் காம்பினேஷன் ஸ்பேனரைப் புதியவருக்கு நான் சிபாரிசு செய்வது இதனால்தான். ‘பத்து பதினொண்ணு’ என்று இரண்டு முனையிலும் இரண்டு அளவாக வரும் ஓபன் ஸ்பேனர் செட் மலிவு. ஆனால் 11க்கும் 15க்கும் உங்கள் வண்டியில் அநேகமாக வேலை இருக்காது.

ஓபன் ஸ்பேனரின் தலை கைப்பிடியோடு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள், ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அறுகோணத்தில் அடுத்த பிடி கிடைக்க 60 டிகிரி சுழற்றியாக வேண்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் சாய்வு மறுபக்கம் போகும், 30 டிகிரி சுழற்சியிலேயே அடுத்த பிடி கிடைத்துவிடும். ஒரு சின்னச் சாய்வு தேவையான இடத்தைப் பாதியாக்கிவிடுகிறது. இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்வதுதான் ராட்செட். 72 பற்கள் உள்ள ராட்செட்டுக்கு 5 டிகிரி அசைவு போதும்; பழைய 24 பல் ராட்செட்டுக்கு 15 டிகிரி வேண்டும். பல் நுணுக நுணுக அதன் பலம் குறையும் என்பது பொதுவான விதி. துருப்பிடித்து இறுகிய நட்டை ராட்செட்டால் உடைக்கப் பார்ப்பது அதன் பற்களுக்குச் செய்யும் அநியாயம். முதல் அசைவுக்கு ரிங் ஸ்பேனர், பிறகு ராட்செட்.

சாக்கெட்டில் ஆறு முகம், பன்னிரண்டு முகம் என இரண்டு வகை. பன்னிரண்டு முகத்தைப் பொருத்துவது சுலபம், ஆறு முகத்தின் பிடி உறுதியானது. வண்டி வேலைக்கு ஆறு முகத்தையே கேட்டு வாங்குங்கள். ராட்செட்டின் சதுரக் குச்சி உலகம் முழுக்க இன்னும் அங்குலக் கணக்கில்தான் இருக்கிறது: கால் அங்குலம், மூன்று நூல், அரை அங்குலம். கார் சக்கரத்துக்கு அரை அங்குலம் சரி. மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் மூன்று நூல்தான் அளவான உடம்பு. ஸ்க்ரூ ஸ்பேனர் பற்றிச் சுருக்கமாக: குழாய் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். அதன் தாடை ஆடும். ஆடும் தாடைக்கு முக்கால் மில்லிமீட்டர் எம்மாத்திரம்?

திருப்புளி விஷயத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது. நாம் ஸ்டார் என்று சொல்லும் பிலிப்ஸ் வகைத் திருகு 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸின் முயற்சியால் கார் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. அதன் குழியின் சுவர்கள் சரிந்திருக்கும். பலமாகத் திருகும்போது திருப்புளி மேலே ஏறி வெளியே குதிக்கும். ஜப்பானிய வண்டிகளின் வழிவந்த திருகுகள் பார்வைக்கு அப்படியே இருந்தாலும் அவற்றின் குழி வேறு. பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் அடிவரை இறங்காது. அரைகுறையாக இறங்கிய முனை இரண்டு சுற்றில் குழியைச் சாப்பிட்டுவிடும். பழைய 100 சி.சி. வண்டிகளின் எஞ்சின் கவர் திருகுகள் பாதிக்குப் பாதி இப்படிச் சிதைந்து கிடப்பதற்குத் துருவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜப்பானியத் தர அளவில் செய்த திருப்புளி ஒன்று, இரண்டாம் நம்பர் அளவில், வாங்கி வைத்தால் இரண்டு வகைக்கும் ஈடுகொடுக்கும். இறுகிய கவர் திருகுகளுக்கு, பின்புறம் சுத்தியலால் அடித்தால் முனை அழுந்திக்கொண்டே சற்றுச் சுழலும் இம்பாக்ட் டிரைவர் ஒரு வரப்பிரசாதம். மின்சாரத்தில் ஓடுவது வேண்டாம், அடிக்கும் வகை போதும்.

இனி, கழற்றுவதைவிடக் கடினமான வேலை: மாட்டுவது. புதியவர்கள் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் பலக்குறைவால் அல்ல, பல மிகுதியால். ‘நல்லா டைட் வெச்சிடு’ என்ற வாக்கியத்தில் இயற்பியல் நிறைய ஒளிந்திருக்கிறது.

போல்ட் ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. இழுத்த அளவுக்கு எதிர்விசை என்று 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கண்ட விதி உங்கள் ஆயில் போல்ட்டுக்கும் பொருந்தும். ஓர் எம் 6 போல்ட்டுக்கு வழக்கமான முறுக்குவிசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். 12 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரில் எட்டரைக் கிலோ விசையோடு இழுத்தால் அது கிடைத்துவிடும். அந்த எட்டரைக் கிலோ போல்ட்டுக்குள் போய் ஏறத்தாழ 800 கிலோ இழுவிசையாக மாறுகிறது. மரை என்ற சாய்தளம் செய்யும் மாயம் இது. இவ்வளவுக்கும், நாம் கொடுத்த முறுக்கில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் போல்ட்டை நீட்டப் போகிறது. மீதி முழுவதையும் தலைக்கு அடியிலும் மரைக்குள்ளும் உராய்வு தின்றுவிடுகிறது.

உராய்வின் பங்கு இவ்வளவு பெரியது என்பதால் ஒரு விபரீதம் நேரும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே 10 நியூட்டன் மீட்டரில் இழுவிசை மூன்றில் ஒரு பங்குவரை கூடிப்போகும். கையேட்டில் தரும் எண்கள் பொதுவாக உலர்ந்த, சுத்தமான மரைக்கானவை. எண்ணெய் தடவச் சொல்லும் இடத்தில் அதைத் தனியாகவே சொல்லியிருப்பார்கள்.

ஸ்பேனர்கள் அளவு கூடக் கூட நீளமாவது ஏன் என்பதும் இங்கே விளங்கும். எட்டாம் நம்பர் ஸ்பேனர் குட்டை, பதினேழு நீளம். சாதாரணக் கை அந்தந்த போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கை மட்டும் கொடுக்கட்டும் என்று நீளத்திலேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 25 செ.மீ. அரை அங்குல ராட்செட்டில் பத்தாம் நம்பர் சாக்கெட்டை மாட்டினால் அந்தக் கட்டுப்பாடு காணாமல் போகும். அங்கே 4 கிலோ விசை போதும்; கை பழக்கத்தில் 20 கிலோ கொடுக்கும்; போல்ட்டில் 50 நியூட்டன் மீட்டர் ஏறும். தலை திருகிக்கொண்டு கையோடு வரும், அல்லது அதைவிட மோசமாக, எஞ்சின் உறையின் அலுமினிய மரை உதிர்ந்து தூளாக வரும். போல்ட் போனால் சில ரூபாய். எஞ்சின் உறையில் மரை போனால் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே கம்பிச் சுருள் இறக்க வேண்டியிருக்கும்.

அதனால் நான் சொல்லும் முதல் ஆடம்பரச் செலவு டார்க் ரென்ச். உள்ளே ஸ்பிரிங் வைத்து, குறித்த விசை வந்ததும் ‘டக்’கென்று சத்தம் கொடுக்கும் வகை போதும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரையிலான அரை அங்குல ரகம். அது கார் சக்கரத்துக்கானது, எம் 6 போல்ட் அதன் கண்ணிலேயே படாது. 5 முதல் 60 வரை அளக்கும் சிறிய ரகத்தைத் தேடி வாங்குங்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கிடந்து தளரும். ‘டக்’ கேட்டபின் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு இழுப்பு கொடுப்பவர் அதை வாங்கியிருக்கவே வேண்டாம்.

நல்ல ஸ்பேனர்களில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பார்கள். குரோமியம் எஃகை உள்வரை கடினமாக்க உதவுகிறது, வனேடியம் அதன் படிகத் துகள்களை நுண்மையாக வைக்கிறது. ஆனால் கலவை பாதிதான். சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தியதா என்பது மறுபாதி. கடினம் கூடிப்போனால் ஸ்பேனர் உடையும், குறைந்தால் வாய் பிளக்கும். பொறிப்பை எந்தப் பட்டறையும் குத்திவிடலாம் என்பதால் தெரிந்த பிராண்டை நம்புவதே புத்திசாலித்தனம். டபாரியா போன்ற இந்தியப் பெயர்கள், ஜலந்தரில் தயாராகும் சில ரகங்கள், எல்லாமே வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் தனித்தனி ஸ்பேனராகக்கூட வாங்கலாம். புதுப்பேட்டையில் பழைய சாமான்களுக்கு நடுவே தேய்ந்த நல்ல ஸ்பேனர் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். தேய்ந்தது வாய் என்றால் அது இனி பத்தாம் நம்பர் இல்லை. போல்ட்டைத் தொடும் சாமானில் காசைச் செலவழியுங்கள். சுத்தியல், தட்டு, புனல், விளக்கு எல்லாம் மலிவாகவே இருக்கட்டும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. எஃகு போல்ட் அலுமினிய உறைக்குள் இருக்கிறது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் சின்ன மின்கலம் போல வேலை நடக்கும். அரிப்பது அலுமினியம். அதிலிருந்து வரும் வெள்ளைப் பொடி மூல உலோகத்தைவிட அதிக இடம் அடைத்து மரையை இறுக்கிவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருப்பது முதல் வைத்தியம். வெப்பம் அடுத்தது: ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 6 மி.மீ. துளையில் 100 டிகிரிக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, இருந்தும் பொடியின் பிடி விடுவதற்கு அது போதுமானதாக இருக்கும். பெட்ரோல் டேங்குக்குக் கீழே தீயைக் கொளுத்த வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. சூடான காற்று ஊதும் கருவி இருக்கிறது. பிளக் மட்டும் விதிவிலக்கு. எஞ்சின் சூட்டில் அலுமினிய மரை இளகியிருக்கும் என்பதால் பிளக்கை ஆறிய பிறகே கழற்ற வேண்டும்.

மல்டிமீட்டரை வண்டிக் கருவியாகப் பலர் நினைப்பதில்லை. காலையில் செல்ஃப் எடுக்காத வண்டிக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். நிறுத்தி வைத்த 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரியில் 12.6க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12 அளவில் நின்றால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் நடக்கிறது, பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். வரவில்லை என்றால் புதுப் பேட்டரி வாங்கியும் பயனில்லை. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில். வண்டியின் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் நேர் ஷார்ட், ஸ்பேனரே பழுக்கும். நெகட்டிவ் பிரிந்த பிறகு பட்டாலும் மின்னோட்டத்துக்குப் பாதை இல்லை.

இவற்றோடு ஒரு காற்று அளவி, பிளக் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ், ஆலன் கீ செட், நோஸ் பிளேயர், பிளக் ஸ்பேனர், கையுறை. பேரிங் புல்லர், வால்வு சாமான், மேக்னெட் கழற்றி எல்லாம் கடைக்காரர் காட்டுவார். அந்த வேலை வரும்போது வாங்கலாம், பெரும்பாலும் வராது. பிரேக் ஹைட்ராலிக், ஏ.பி.எஸ்., முன் ஃபோர்க் ஆகியவற்றைப் புதியவர் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

செட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஆயில் மாற்றுவதை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வடிகால் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்துங்கள். பல வண்டிகளில் அது 17. அதன் வாஷர் மென்மையான உலோகம், நசுங்கித்தான் அடைப்பைக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிது போடுவது நல்லது. மரையைத் துணியால் துடைத்து, கையாலேயே கடைசிவரை சுற்றி ஏற்றுங்கள். கையால் ஏறாதது கோணலாக ஏறுகிறது என்று பொருள், அப்போது ஸ்பேனரை எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து. கடைசி முடுக்கு மட்டும் டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள எண்ணுக்கு. வடிந்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய கேனில் பிடித்து வைத்தால், பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் தன் பீப்பாயில் சேர்த்துக்கொள்வார்.